பிரிந்தவன் பெற்ற வெற்றி

உதைபந்தாட்ட அன்பர்களிடையே எழும் விவாதங்கள் பெரும்பாலும் எளிதில் முடிந்துவிடுவன. எந்தக் கழகம் வலிமையானது, எந்த நடுவர் தவறிழைத்தார், எந்தக் கோல் செல்லாதது என்ற வினாக்களுக்கு அடுத்த வாரத்துப் போட்டியே விடை கூறிவிடும். அன்றேல் அவற்றை மறக்கச் செய்துவிடும். ஆயின் ஒரு விவாதம் மாத்திரம் ஆண்டுக்கணக்கில் நீடிப்பதைக் காணலாம். தமது கழகத்திற் பல்லாண்டுகள் ஆடியவன், இனித் தேவையில்லை என அனுப்பப்பட்டவன், வேறொரு கழகத்திற் சேர்ந்து முதலாண்டிலேயே பெரும்புகழ் எய்தும்போது எழும் விவாதமே அது. அவனது வெற்றியைப் பகைவனின் வெற்றியென வெறுக்கவும் இயலாது. தம்மவனின் வெற்றியெனக் கொண்டாடவும் இயலாது. மகிழ்ச்சியும் மனத்தாங்கலும் ஒருங்கே எழ, இரண்டில் எது நியாயமானது என அன்பர்கள் தமக்குள் வழக்காடத் தொடங்குகின்றனர்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த பகுதி இத்தகைய வழக்குகளுக்கு ஏற்ற களம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென மதிக்கப்படும் இவ்விடம் 1957ஆம் ஆண்டுவரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக விளங்கியது. கப்பல்களிலிருந்து இறங்கியோர் ஆடிய ஆட்டம் கரையிலிருந்தோரின் ஆட்டமாகவும் ஆயிற்று. அவர்கள் சென்றபின்னும் அது நிலைத்துவிட்டது. ஏகாம்பரம் மைதானத்திலும், குடாவுக்கு அப்பாலுள்ள கிண்ணியா, மூதூர்த் திடல்களிலும் மாலை வேளைகளிற் பந்து உருளாத நாள் அரிது. மீன்பிடித் தொழிலாளர், துறைமுகத்திலும் சீனன்குடாவின் மாவாலையிலும் வேலை செய்வோர், முச்சக்கரவண்டிச் சாரதிகள், மாணவர் ஆகிய யாவரும் ஒரே எல்லைக்கோட்டின் அருகே நின்று ஆட்டம் பார்ப்பர். இவர்களுட் பலர் தத்தம் ஊர்க் கழகத்தோடு இங்கிலாந்துக் கழகம் ஒன்றையும் தமதாக வரித்துக்கொண்டவர்கள். மன்செஸ்ரர் யுனைற்றெட்டை வரித்துக்கொண்டவர்களுக்கு அண்மைக் காலத்தில் ஏற்பட்ட மனக்குழப்பமே இக்கட்டுரையின் தொடக்கப் பொருள்.

அக்குழப்பத்திற்குக் காரணமானவர் ஸ்கொற் மக்டொமினே என்னும் நடுக்கள வீரர். 1996இற் பிறந்த இவர் ஐந்து வயதளவிலேயே மன்செஸ்ரர் யுனைற்றெட்டின் பயிற்சிப் பள்ளியிற் சேர்ந்தார். 2017 மே மாதத்தில் முதலணிக்கு ஆடத் தொடங்கினார். 255 போட்டிகளில் ஆடி 29 கோல்களைப் போட்டார். உழைப்பாளி, நம்பிக்கைக்குரியவர், ஆயினும் முதல் வரிசைக்குரிய திறன் போதாதவர் என்பதே அவரைப் பற்றிப் பரவியிருந்த கருத்து. 2024 ஆகஸ்ட் இறுதியில், ஏறத்தாழ 2 கோடியே 57 இலட்சம் பவுணுக்கு, இத்தாலியின் நாப்போலிக் கழகம் அவரை வாங்கியது. அனுப்பியவர்கள் பெரிதாக வருந்தவில்லை. வாங்கியவர்களோ முந்திய ஆண்டிற் பத்தாம் இடத்துக்குத் தாழ்ந்திருந்தவர்கள்.

அடுத்து நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. 2024–25 பருவகாலத்தில் மக்டொமினே இத்தாலிய முதற்பிரிவில் 12 கோல்களைப் போட்டார். 2025 மே 23ஆம் நாள் இறுதிப் போட்டியில், கலியாரிக் கழகத்துக்கு எதிராக, குறுக்கே வந்த பந்தை உடலைக் காற்றிற் சாய்த்து உதைத்து முதற்கோலைப் போட்டவரும் அவரே. 82 புள்ளிகளைப் பெற்ற நாப்போலி, 81 புள்ளிகளைப் பெற்ற இன்ரர் மிலானை ஒரேயொரு புள்ளியால் விஞ்சி வாகை சூடியது. அப்பருவகாலத்தின் மிகச் சிறந்த வீரர் என்ற விருதும் அவரையே சேர்ந்தது. மன்செஸ்ரர் யுனைற்றெட்டோ அதே ஆண்டில் 42 புள்ளிகளுடன் பதினைந்தாம் இடத்தை அடைந்தது. இத்தாலியில் அந்தக் கோல் விழுந்தபோது திருகோணமலையில் நள்ளிரவு கடந்து ஒரு மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு இரவுகளுக்கு முன்னர்தான், அதே நேரத்தில் விழித்திருந்து, தமது கழகம் ஐரோப்பிய லீக் இறுதிப் போட்டியில் ரொட்டனமிடம் தோற்றதை அன்பர்கள் பார்த்திருந்தனர். இரண்டு இரவுகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தவர்களுக்கு விவாதம் செய்யாதிருத்தல் இயலாதென்றே கூறவேண்டும்.

விவாதம் இரண்டு துருவங்களில் நிற்கிறது. "அனுப்பினது பெரிய பிழை, அண்ணை. அவன் அங்கயே வளந்த பிள்ளையெல்லோ" என்பார் இளையவர். "தம்பி, அவன் அங்கயே நிண்டிருந்தா இப்பவும் வாங்கிலதான் குந்தியிருப்பான்" என்பார் மூத்தவர். முதலாவது கட்சி வெற்றி முழுவதையும் வீரனுக்கு உரித்தாக்குகிறது: திறமை அவனிடம் என்றும் இருந்தது, காணக் கண்ணில்லாத கழகம் அதை இழந்தது. இரண்டாவது கட்சி வெற்றி முழுவதையும் புதிய இடத்துக்கு உரித்தாக்குகிறது: ஆட்டத்தின் வேகம் அங்கே குறைவு, போட்டிகள் குறைவு, பயிற்றுநர் வேறு. இரண்டும் மேற்போக்காக நோக்கின் எதிரெதிரானவை. ஆயின் திறமை என்பது மனிதனுக்குள் அளவிட்டு வைக்கப்பட்ட ஒரு பொருள் என்னும் எண்ணமே இரண்டுக்கும் அடிப்படை. அவ்வெண்ணம் சரியானதா என்பதையே முதலில் நோக்கவேண்டும்.

மக்டொமினேயின் ஆட்டத்தை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். யுனைற்றெட்டில் அவருக்குப் பெரும்பாலும் தரப்பட்ட வேலை, பின்களத்தின் முன்னே நின்று எதிரணியின் வழியை மறிப்பதும், பந்தைப் பெற்று அமைதியாகப் பிறருக்கு வழங்குவதுமாகும். உயரமும் நீண்ட கால்களும் உடைய அவருக்கு நெருக்கடியிற் பந்தைத் திருப்பிக் கொடுக்கும் நுட்பம் இயல்பாக வாய்க்கவில்லை. நாப்போலியின் பயிற்றுநர் அந்தோனியோ கொந்தே அவரிடம் வேறொரு வேலையைக் கேட்டார். எதிரணியின் காவலர்கள் முன்கள வீரரைக் கவனித்துக்கொண்டிருக்கும் வேளையிற் பின்னிருந்து ஓடிவந்து பெனால்டி எல்லைக்குள் பிந்தி நுழைவதே அது. குறையாகத் தோன்றிய உடலமைப்பு அங்கே பலமாயிற்று. அதே மனிதர், அதே கால்கள். கேட்கப்பட்ட வேலை மாத்திரம் வேறு.

அவரால் இது முடியும் என்பதற்கு முன்னரே சான்று இருக்கவில்லையா? இருந்தது. 2023 மார்ச் மாதத்தில் ஸ்கொட்லாந்து தேசிய அணிக்காக ஸ்பெயினுக்கு எதிராக அவர் இரண்டு கோல்களைப் போட்டு அணியை வெல்லச் செய்தார். அந்த ஐரோப்பியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் மொத்தம் ஏழு கோல்கள் அவருடையவை. அதே ஆண்டு ஒக்ரோபரில், யுனைற்றெட்டுக்காக மாற்று வீரராக இறங்கி, பிரென்ற்போட் கழகத்துக்கு எதிரான போட்டியின் மேலதிக நிமிடங்களில் இரண்டு கோல்களைப் போட்டுத் தோல்வியை வெற்றியாக்கினார். தேசிய அணி அவரை முன்னே ஓடவிட்டது. கழகம், வேறு வழியற்ற வேளைகளில் மாத்திரமே அவ்வாறு செய்தது. ஆகவே சான்று மறைந்து கிடக்கவில்லை. கழகம் அவரைத் தற்காப்பு வீரர் என்றே எண்ணிப் பழகியிருந்தது. நாள்தோறும் காணும் ஒருவரைப் புதிதாகக் காண்பது எவ்விடத்திலும் கடினமே.

இனி, அன்பர்களின் விவாதத்தில் அதிகம் பேசப்படாத மற்றொரு காரணத்தையும் கூறவேண்டும். அது கணக்கேட்டிலே உள்ளது. அந்நாளில் நடைமுறையிலிருந்த இங்கிலாந்துப் பிறீமியர் லீக் விதிகளின்படி ஒரு கழகம் மூன்று ஆண்டுகளில் 10 கோடியே 50 இலட்சம் பவுணுக்கு மேல் நட்டமடைதல் கூடாது. விலைகொடுத்து வாங்கிய வீரனின் விலை அவனது ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பகிர்ந்து எழுதப்படும். 5 கோடிக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கியவனை இரண்டு ஆண்டுகளின்பின் 4 கோடிக்கு விற்றால், ஏட்டில் எஞ்சியுள்ள பெறுமதியாகிய 3 கோடி கழிய 1 கோடியே இலாபமெனக் கொள்ளப்படும். ஆயின் தம் பள்ளியிலேயே வளர்த்த பிள்ளைக்குக் கணக்கேட்டில் விலையென ஒன்றில்லை. அவனை விற்றுப் பெறும் தொகை முழுவதும் இலாபமாகும். பிறரிடம் வாங்கிய பத்துப் பேரை வைத்துக்கொள்வதற்காகப் பெற்ற பிள்ளையை முதலில் விற்கத் தூண்டும் விதி இது. கழகத்தைக் கட்டுப்பாட்டுடன் நடத்தவென வகுக்கப்பட்ட விதி, கழகத்துக்கும் அதன் மண்ணுக்கும் இடையிலான உறவையே முதலில் வெட்டியது. ஐந்து வயதிற் சேர்ந்து இருபத்தேழு வயதிற் பிரிந்த ஒருவரின் கதையில் இந்த எண்களுக்கும் பங்குண்டு.

மூத்தவர் கூறுவதிலும் உண்மை இல்லாமலில்லை. முந்திய ஆண்டிற் பத்தாம் இடம் பெற்றமையால் 2024–25இல் நாப்போலிக்கு ஐரோப்பியப் போட்டிகள் எவையும் இருக்கவில்லை. அதனால் வாரத்துக்கு ஒரு போட்டியே பெரும்பாலும் அமைந்தது. ஓய்வும் பயிற்சியும் நிறையக் கிடைத்தன. யுனைற்றெட்டோ ஒக்ரோபரிற் பயிற்றுநரை நீக்கி, நடுவழியிற் புதியவரின் முறைக்கு மாறித் தடுமாறிக்கொண்டிருந்தது. அந்தக் கலத்தில் மக்டொமினே இருந்திருந்தால் கலம் கரைசேர்ந்திருக்கும் என எவராலும் நிறுவ முடியாது. 'இருந்திருந்தால்' என்னும் சொல்லின் வலிமையும் பலவீனமும் அதுவே. அதனைப் பொய்யென்று காட்ட இயலாதாகையால் அதன்மீது கட்டப்படும் விவாதம் என்றும் தோற்பதில்லை, என்றும் வெல்வதுமில்லை.

இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டு அதே கழகத்தின் வரலாற்றிலேயே உண்டு. போல் பொக்பா 2012இல் யுனைற்றெட்டை விட்டு இத்தாலியின் யுவென்ரஸ் கழகத்தை அடைந்தார். அங்கு ஆடிய நான்கு ஆண்டுகளும் அக்கழகம் வாகை சூடியது. இழந்ததை மீட்கும் நோக்குடன் 2016இல் யுனைற்றெட் அவரை 8 கோடியே 90 இலட்சம் பவுணுக்குத் திருப்பி வாங்கியது. அந்நாளில் உலகில் எந்த வீரருக்கும் அத்துணை விலை கொடுக்கப்பட்டதில்லை. ஆயின் வாங்கப்பட்டவர் வந்தார். அவரது யுவென்ரஸ் வெற்றி வரவில்லை. அவரைச் சூழ்ந்திருந்த தோழர்களும் அவரிடம் கேட்கப்பட்ட வேலையும் அங்கேயே தங்கிவிட்டன. 2022இல் இரண்டாவது முறையும் அவர் விலையின்றிப் பிரிந்தார். வெற்றியென்பது மனிதனிலும் இல்லை, இடத்திலும் இல்லை; இரண்டும் சந்திக்கும் முறையிலேயே உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிரிந்தவனின் வெற்றி பழைய கழகத்துக்குத் தண்டனை என்ற எண்ணமும் ஆராயத்தக்கது. 1974 ஏப்ரலில், யுனைற்றெட்டின் முன்னாள் நாயகர் டெனிஸ் லோ, மன்செஸ்ரர் சிற்றிக்காகத் தம் பழைய கழகத்துக்கு எதிராகவே பின்னங்காலாற் கோலொன்றைப் போட்டார். அக்கோலே யுனைற்றெட்டை இரண்டாம் பிரிவுக்குத் தள்ளியது என இன்றும் நம்புவோர் பலர். உண்மையில் அன்று வேறிடங்களில் நிகழ்ந்த முடிவுகளால், அக்கோல் விழாதிருந்தாலும் கழகம் வீழ்ந்தே இருக்கும். லோ அக்கோலைக் கொண்டாடவில்லை. தலைகவிழ்ந்தவராகவே களத்தைவிட்டு அகன்றார். வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் இருந்தபோதிலும், பிரிந்து சென்ற ஒருவரின் காலிலே அவை யாவற்றையும் சுமத்துவது அன்பர்களுக்கு எளிதாக இருந்தது. மக்டொமினேயைப் பற்றிய புலம்பலிலும் இவ்வெளிமை கலந்திருக்கிறது.

இவ்வளவு தொலைவிலுள்ள கழகம் பற்றிய வழக்கு திருகோணமலையில் ஏன் இத்துணைச் சூடாக நடைபெறவேண்டும்? அவ்வூரவர் தம்முடைய வழக்கையே இங்கிலாந்துப் பெயர்களைக் கொண்டு நடத்துகின்றனர் என்பதே பொருத்தமான விடை. ஊர்க் கழகத்திற் பந்தை நன்கு ஆளக் கற்ற இளைஞன் ஊரில் நிலைப்பதில்லை. 2021இல் இலங்கையில் நடைபெற்ற சுப்பர் லீக் சுற்றுப்போட்டியிற் பத்துக் கழகங்கள் ஆடின. வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ அவற்றுள் ஒன்றுமில்லை. பத்தில் மூன்று, முப்படைகளின் கழகங்கள். அவை ஆட்டத்தோடு நிலையான சம்பளத்தையும் தரவல்லவை. ஏனையவை கொழும்பையும் மேற்கு, மலையகப் பகுதிகளையும் சேர்ந்தவை. ஆகவே ஆட்டத்தாற் பிழைக்க விரும்புபவன் ஊரைவிட்டு நீங்கவேண்டும். ஊரில் இருக்க விரும்புபவன் ஆட்டத்தைப் பொழுதுபோக்காக்கி வேறு தொழிலைத் தேடவேண்டும். வளைகுடா நாடுகளுக்குச் செல்பவனுக்கு இரண்டும் போய்விடுகின்றன. 2023 ஜனவரி தொடக்கம் ஆகஸ்ட் வரை உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியிருந்த காலத்தில், சென்றவர்களுக்கும் நின்றவர்களுக்கும் வழி மேலும் ஒடுங்கியது.

பிறநாட்டிற் புகழ்பெற்ற இலங்கையரும் இல்லாமலில்லை. பின்கள வீரர் பக்கீர் அலி 1980களில் வங்காளதேசத் தலைநகரின் அபாஹனிக் கழகத்துக்கு ஆடி அந்நாட்டு அன்பர்களின் நெஞ்சில் இடம்பிடித்தார். பின்னர் அங்கே பயிற்றுநராகவும் விளங்கினார். 2018இலேயே இலங்கைத் தேசிய அணியைப் பயிற்றும் பொறுப்பு அவரிடம் வந்தது. நாடுவிட்டுச் சென்ற தமிழ்க் குடும்பமொன்றின் பிள்ளையாக வேல்சில் வளர்ந்த விமல் யோகநாதன், 2024இல் இங்கிலாந்தின் பான்ஸ்லிக் கழகத்தின் முதலணியில் இறங்கினார். அச்செய்தி தமிழர் வாழும் இடமெங்கும் பரவியது. 'நம்மவன்' என்ற சொல் அப்போதும் ஒலித்தது. அவருக்குப் பந்தையும் திடலையும் பயிற்சியையும் தந்தது வேறொரு மண் என்பதை மறந்து பெருமையில் மாத்திரம் பங்குகேட்பது எளிது. பிரிந்தவனின் வெற்றி கண்டு புலம்புவதும், பிரிந்தவனின் வெற்றியைத் தமதென்று உரிமைகோருவதும் ஒரே பழக்கத்தின் இரண்டு முகங்கள். இரண்டிலும் நின்ற இடத்தைப் பற்றிய கேள்வி தவிர்க்கப்பட்டுவிடுகிறது.

தமிழ் அகத்திணை மரபு பிரிவைப் பற்றி நுணுக்கமாகச் சிந்தித்த மரபு. பொருள்வயிற் பிரிவு என்றே ஒரு பகுப்பை அது வகுத்துக்கொண்டது. பொருள்தேடிச் செல்பவன் கார்காலத்தில் மீள்வான் என்பது அம்மரபின் எதிர்பார்ப்பு. பிரிந்தவனைப் பற்றிய கூற்றுகளுட் பெரும்பகுதி நின்றவளின் வாய்மொழியாகவே அமைகிறது. இன்றைய பிரிவுக்குக் கார்காலம் இல்லை. சென்றவர் மீள்வாரென எவரும் சொல் கொடுப்பதில்லை. ஆயினும் நின்றவர்களின் கூற்று மாத்திரம் மாறாது தொடர்கிறது. எல்லைக்கோட்டருகே நின்று மாலைதோறும் மன்செஸ்ரரைப் பற்றி வாதிடுவோர் குரலில் அப்பழைய இரக்கத்தின் சாயல் இருப்பதை மறுப்பதற்கில்லை.

இத்தாலியின் தெற்கிலுள்ள நேப்பிள்ஸ் நகரும் ஒரு துறைமுக நகரே. செல்வம் மிக்க வடநகரங்களின் ஏளனத்துக்கு நெடுங்காலம் உட்பட்டது. தன் மக்களைக் கப்பலேற்றித் தொலைநாடுகளுக்கு அனுப்பிப் பழகியது. 1984இல் பார்சலோனாவை விட்டுப் பிரிந்த மறடோனாவை அந்நகரின் நாப்போலிக் கழகம் ஏற்றுக்கொண்டது. 1987இலும் 1990இலும் அவரால் வாகை சூடியது. அதன் விளையாட்டரங்குக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அதே அரங்கில்தான் மக்டொமினேயின் கோலும் விழுந்தது. மறடோனாவிடமும் மக்டொமினேயிடமும் அக்கழகம் அவர்களாற் செய்யக்கூடியதைக் கேட்டது. பிறரைப் பிரிந்து வருபவனை வரவேற்கத் தெரிவதும் ஒரு கலை. அக்கலை செல்வத்தை மாத்திரம் பொறுத்ததன்று.

ஆகவே வழக்கின் கேள்வியை மாற்றி அமைப்பது நன்று. 'ஏன் அனுப்பினார்கள்?', 'நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?' என்பன விடையற்ற வினாக்கள். 'இருந்தபோது அவனிடம் என்ன வேலையைக் கேட்டோம்?' என்பது விடையுள்ள வினா. யுனைற்றெட்டுக்கு மாத்திரமன்றி ஊர்க் கழகத்துக்கும், பாடசாலைக்கும், பல்கலைக்கழகத்துக்கும் அது பொருந்தும். முன்னே ஓடக்கூடிய சிறுவனைப் பின்னே நிறுத்திவைத்துவிட்டு, பின்னர் அவன் வேறோர் ஊரிற் கோல் போடும்போது வியப்பதில் பயனில்லை. ஊதியமும் களமும் தரும் ஆற்றல் சிற்றூர்க் கழகத்துக்கு உடனே வாய்க்காது போகலாம்; இருப்பவனை மறுபடி உற்றுப்பார்க்கும் ஆற்றலுக்குப் பொருட்செலவு இல்லை. பிரிந்தவன் வெல்லும்போது மனமார மகிழ்வதற்குரிய தகுதியும் அவ்வாறு பார்த்தவர்களுக்கே உண்டு.

2025 நவம்பரில் கிளாஸ்கோ நகரில் டென்மார்க்குக்கு எதிரான போட்டியின் மூன்றாம் நிமிடத்தில், மக்டொமினே தலைக்கு மேலே வந்த பந்தைப் பின்புறமாக உதைத்து மற்றுமொரு கோலைப் போட்டார். 4–2 என வென்ற ஸ்கொட்லாந்து 1998இன் பின்னர் முதன்முறையாக உலகக்கிண்ணத்துக்குத் தகுதிபெற்றது. துறைமுக வீதியின் தேநீர்க் கடைகளில் விவாதம் மறுபடி தொடங்க அது போதுமாயிருந்தது. இளையவர் பக்கம் சற்று வலுத்திருக்கிறது. மூத்தவர் இன்னும் இணங்கவில்லை. இருவரும் மாலையில் ஒரே மைதானத்துக்கே செல்கின்றனர். அங்கே பந்தோடு ஓடும் சிறுவர்களுள் யாரை எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள் என்பதையும் அவர்கள் ஒருமுறை பார்ப்பார்களாயின், இந்த நெடிய வழக்கு வீணானதென எவரும் கூறமாட்டார்.